எண் தெரிந்த ரயில்

லிகோரி மச்சாதுவின் ரயில் குகைக்குள் போய் மறுபக்கம் வராமல் போன அன்று எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் முறை. அவர் மனைவி பெர்பெத்துவா குடங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தாள், அதனால் கடைசிக் குடம் நிறைந்த பிறகுதான் ஹாலில் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள்.

"எங்க போச்சு ஒங்க வண்டி?"

"உள்ளதான் இருக்கு" என்றார் லிகோரி. கையிலிருந்த ரிமோட், வண்டி நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. ஆனால் அந்தக் குகை ஒரு முழம்கூட இருக்காது. தெர்மாகோலை வெட்டி மேலே பிளாஸ்டர் பூசிப் பச்சைத் தூள் தூவிய குன்று அது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். தண்டவாளம் இருந்தது. வண்டி இல்லை. குன்றைத் திரும்ப வைத்துவிட்டு, பெர்பெத்துவா அப்பளம் பொரிக்கப் போனாள்.

லிகோரி சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். முழங்கால் ஒத்துழைக்காமல் தூத்துக்குடியில் கரையிறங்கிய பிறகு, ஏதோ ஒரு குளிர் தேசத்துத் துறைமுகத்தில் வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்த சின்ன ரயில்களை வெளியே எடுத்தார். சாப்பாட்டு மேசையோடு பழைய கதவு ஒன்றைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் தண்டவாளம் விரித்து, ஸ்டேஷன் கட்டி, அரிசிமணி அளவு மனிதர்களை நிறுத்தினார். அப்போது எல்லாம் ஒரே குமிழில் ஓடியது. குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் மின்சாரம் கூடும், மேலே நிற்கிற எஞ்சின்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், குறைத்தால் ஒன்றாக நிற்கும். ஒன்றை நிறுத்தி வைத்து மற்றதை ஓட்ட அவருக்கு ஆசை. அதற்காகத்தான் டிஜிட்டல் முறைக்கு மாறினார்.

"இனிமே கரண்டு எப்பவும் ஒரே மாதிரி நிக்கும்" என்று பெர்பெத்துவாவுக்கு விளக்கினார். "நான் சொல்லுதது தண்டவாளம் வழியா எல்லா எஞ்சினுக்கும் கேக்கும். ஆனா எந்த நம்பரச் சொல்லுதேனோ அந்த எஞ்சின் மட்டுந்தான் அசையும்."

"கோயில்ல சாமியார் கல்யாண ஓலை வாசிக்கது மாதிரி. கேக்கது எல்லாரும், கல்யாணம் பேருள்ளவங்களுக்கு."

"அப்படித்தான்னு வச்சுக்கோ."

எஞ்சின்களின் கூரையைக் கழற்றி, சொல்வதைக் கேட்டு மோட்டாரை ஓட்டும், விரல்நகம் அளவுள்ள டிகோடரை உள்ளே வைத்து, சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துப் பக்கம், மற்ற இரண்டும் மோட்டாருக்கு என்று பற்றவைத்தார். புது டிகோடர்கள் எல்லாமே கடையிலிருந்து மூன்று என்ற எண்ணோடுதான் வரும், நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். லிகோரி அவசரத்தில் இரண்டு எஞ்சின்களையும் தண்டவாளத்தில் நிறுத்திக்கொண்டே எண்ணை மாற்ற, இரண்டும் அதே எண்ணை எடுத்துக்கொண்டு பழையபடி ஒன்றாக ஓடின. பெர்பெத்துவா சிரித்தாள். அதன்பிறகு ஓரமாக, எதனோடும் சேராத ஒரு துண்டுத் தண்டவாளத்தைப் போட்டு, ஒவ்வொரு எஞ்சினாக அதில் ஏற்றி எண் கொடுத்தார். பெர்பெத்துவா அந்தத் துண்டுக்கு ஞானஸ்நானத் தொட்டி என்று பெயர் வைத்தாள்.

நாலு இலக்க எண் எது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று இருந்தது. மறந்துபோகாமல் இருக்க, முதல் எஞ்சினுக்கு ஷார்ஜாவிலிருக்கும் தம்பி அல்போன்ஸின் போன் நம்பரில் கடைசி நாலு எண்ணைக் கொடுத்தார். அந்த எஞ்சின்தான் குகைக்குள் போனது.

அப்பளம் பொரித்து முடிக்கையில் வண்டி மறுபக்கம் வந்தது. திறந்த பெட்டியில் ஒரு பேரீச்சம்பழம் இருந்தது. லிகோரி அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"அண்ணே, என் மேசையில ஒரு ரயில் வந்து நின்னுச்சு. நம்ம வண்டி மாதிரி இருந்துச்சுன்னு ஒரு பழத்த வச்சு விட்டேன். வந்துச்சா?"

"வந்துச்சு. பழம் நல்லா இருக்கு" என்றார் லிகோரி. பிறகு இருவரும் அம்மாவின் வருஷத் திருப்பலியைப் பற்றிப் பேசினார்கள்.

இப்படித்தான் அது எங்கள் தெருவுக்கு வந்தது. எங்கள் தெருவில் ஆள் வெளியே இல்லாத வீடு கிடையாது. கப்பலில் ஒருவர், அரபு நாட்டில் ஒருவர், கப்பலில் போய் அரபு நாட்டிலேயே தங்கிவிட்ட ஒருவர் என்று இருந்ததால், காலை ஜெபமாலை முடிந்ததும் பெண்கள் லிகோரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். பெட்டியில் எது அடங்குமோ அதுதான் போகும் என்பது ஒன்றே விதி. எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் ஒன்று அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. ஒரு கண்ணி மல்லிகை போனது, பாட்டில் மூடியில் மீன்குழம்பு ஒரு சொட்டும் சிந்தாமல் போனது, கழுத்து வலி மாத்திரை போனது, பல் முளைக்காத குழந்தையின் நகம் வெட்டிய துணுக்கு அதன் அப்பனுக்குப் போனது. திரும்பி வரும்போது சாக்லேட்டும், ஊசிநூலும், பனிக்கட்டித் துண்டு ஒன்றும், யாரோ அழுது துடைத்த டிஷ்யூ காகிதமும் வந்தன.

ஒரே நாலு எண் உலகத்தில் எத்தனையோ பேருக்கு இருக்குமே, சரியான ஆளிடம் எப்படிப் போகிறது என்று கணக்கு டீச்சர் ரொசாரியம்மாள் கேட்டாள். அதெல்லாம் வண்டிக்குத் தெரியும் என்றார் லிகோரி. டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது, மகனுக்கு இஞ்சி மரப்பா வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மெல்ல மெல்ல எல்லோருக்கும் தொழில் பழகிவிட்டது. தண்டவாளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சினுக்குச் சொல் கேட்காது, நடுவழியில் நின்றுவிடும் என்பதால், வரிசையில் முதலில் நிற்கிறவள் துணியால் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுத்தான் சாமானை வைக்க வேண்டும் என்று பெர்பெத்துவா ஏற்படுத்தினாள். ஒரு ஹேர்பின் குறுக்கே விழுந்தால்கூட மொத்தமும் அணைந்து எல்லா வண்டியும் நின்றுவிடும் என்று தெரிந்த பிறகு, பெண்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தார்கள். பங்குச்சாமியார் ஒருநாள் வந்து குகைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆயரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். போகும்போது, ரோமில் படிக்கும் தன் அண்ணன் மகனின் எண்ணைச் சொல்லி, ஒரு வண்டியில் கொஞ்சம் மிளகாய்ப்பொடி வைத்தார்.

வரிசையில் ஒருநாளும் வந்து நிற்காதவள் எமல்டா. அடுத்த வீடுதான். கணவன் இறந்த பிறகு பேக்கரியில் மக்ரூனுக்கு முட்டை வெள்ளையை நுரைக்க அடிக்கும் வேலை பார்த்தாள். ஒரே மகன் ரெக்ஸன், ஒரு ஏஜெண்ட் மூலம் சமையல் உதவியாளாகக் கப்பலேறியவன். அவன் போன கப்பலைச் செங்கடல் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு அதன் முதலாளி கைகழுவிவிட்டான். சம்பளம் இல்லை, எண்ணெய் இல்லை, இறங்கவும் அனுமதி இல்லை. முதலில் தினமும் பேசிக்கொண்டிருந்தவனின் போன் பிறகு அணைந்துவிட்டது. எமல்டா வராததற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வண்டி போய்ச் சாமானோடு அப்படியே திரும்பி வந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பயம்.

பெர்பெத்துவாதான் ஒரு மத்தியானம் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"வேண்டாம் மைனி" என்று வாசலிலேயே நின்றாள் எமல்டா.

"வச்சுப் பாப்போம். நீ கண்ண மூடிக்கோ, நான் பாக்கேன்."

லிகோரி ஒரு எஞ்சினை ஞானஸ்நானத் தொட்டியில் ஏற்றி, ரெக்ஸனின் நாலு எண்ணைக் கொடுத்தார். எமல்டா பேக்கரியிலிருந்து முந்தானையில் முடிந்து வந்திருந்த மக்ரூனைப் பெட்டியில் வைத்தாள். வண்டி குகைக்குள் போனது. வழக்கத்தைவிட நெடுநேரம் ஆனது. எமல்டா கண்ணை மூடியபடி பெர்பெத்துவாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எமல்டா, பாரு" என்றாள் பெர்பெத்துவா. "பெட்டி காலி."

காலிகூட இல்லை, அடியில் ஒரு சின்னச் சங்கு கிடந்தது. எமல்டா அதைக் காதில் வைத்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

அன்றிலிருந்து தெரு முழுக்க ரெக்ஸனுக்குச் சோறு போட்டது. மற்றவர்கள் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள். ஒரு எஞ்சின் இழுக்கும் பெட்டி போதாது என்று, லிகோரி இரண்டு எஞ்சின்களை முன்னும் பின்னும் கோத்து, முன்பு தவறிச் செய்ததை இப்போது தெரிந்தே செய்தார். இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தார். நீளமான வண்டி சோறும், கருவாடும், நார்த்தங்காய் ஊறுகாயும், காய்ச்சல் மாத்திரையும், கடைசிப் பெட்டியில் எப்போதும் ஒரு மக்ரூனுமாகக் குகைக்குள் நுழைந்து, காலியாகத் திரும்பியது. சில நாள் ஒரு பொத்தான் வரும், சில நாள் ஒரு பாசிமணி. என் பிள்ளைக்கு எழுதப் பொறுமை கிடையாது என்று எமல்டா பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். எல்லாவற்றையும் மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள்.

மழைக்காலம் முடியும் சமயம், மாலுமிகள் சங்கத்துக்காரர்கள் வழக்காடி, அந்தக் கப்பலை ஏலத்தில் எடுத்தவனோடு பேசி, ஆட்களை இறக்கி ஊருக்கு அனுப்பினார்கள். ரெக்ஸன் ஒரு காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினான். கன்னம் ஒட்டியிருந்தது, முழங்கை எலும்பு தெரிந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. இவ்வளவு சோறு அனுப்பியும் இப்படி வந்திருக்கிறானே என்று எல்லோர் முகத்திலும் இருந்தது. எமல்டா அவனை உட்காரவைத்து, தலையில் கைவைத்து, "இனி நீ கப்பலேறக் கூடாது, நான் உசிரோட இருக்க மட்டும் ஏறக் கூடாது" என்றாள். அவன் சரி என்றான். அதன்பிறகுதான் கேட்டாள்.

"நார்த்தங்காய் ஊறுகா புளிச்சுப் போகாம வந்துச்சாலே?"

"எந்த ஊறுகா?"

"ரயில்ல விட்டோமே."

"எந்த ரயில்மா?"

எமல்டா அவனைக் கைப்பிடித்து லிகோரி வீட்டுக்கு இழுத்து வந்தாள். ரெக்ஸன் மேசையைச் சுற்றி வந்து எஞ்சினையும் பெட்டிகளையும் குகையையும் பார்த்தான். "இப்படி எதுவும் எங்கிட்ட வரல மாமா" என்றான்.

"ஒன் நம்பர்தான்டே போட்டேன்" என்றார் லிகோரி.

ரெக்ஸன் நெற்றியைத் தேய்த்தான். "அந்தப் போன நான் ஆரம்பத்துலயே குடுத்துட்டேன். கப்பலச் சுத்திப் படகுல சாமான் விக்கவங்க வருவாங்க. தின்ன ஒண்ணும் இல்ல. ஒரு படகுக்காரன்ட்ட போன, சிம்மோடயே குடுத்துட்டு அரிசி வாங்குனோம்."

ஹாலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் இத்தனை நாளும் தின்றது அந்தப் படகுக்காரன். எமல்டாவின் முகம் கறுத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "நீ பட்டினி கெடந்தியா?" என்றாள். "நான் அங்க அனுப்பிக்கிட்டே இருக்க, நீ பட்டினியா கெடந்தியா?"

"இல்லம்மா, இரு." ரெக்ஸன் எதையோ யோசித்து நின்றான். "அவன் திரும்ப வந்தான். அரிசி தீந்த பொறவு, கூப்பிடாமலே வந்தான். சாயங்காலமானா கயித்துல ஒரு வாளியக் கட்டி மேல ஏத்துவான். அதுல சோறு இருக்கும். கருவாடு இருக்கும். ஒண்ணும் கேக்க மாட்டான். எங்க பாஷ அவனுக்குத் தெரியாது. ஒருநாள் வாளியில பாதி மக்ரூன் இருந்துச்சு. நான் அப்படியே நின்னுட்டேன். இந்த ஊர்லயும் மக்ரூன் போடுதாங்கன்னு நெனச்சேன்."

"பாதியா?" என்றாள் பெர்பெத்துவா.

"பாதிதான். கடிச்ச பாதி."

"அவன் வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கும்" என்றாள் எமல்டா. பிறகு, "அது ஒனக்கு வந்ததுன்னு எப்படித் தெரிஞ்சுச்சு அவனுக்கு?" என்றாள்.

"போன்ல உள்ள படத்தப் பாத்திருப்பான். நீயும் நானும் கையில மக்ரூனோட பேக்கரி வாசல்ல நிப்பமே, அது."

"ஊறுகா?"

"ஊறுகா வரல."

"அதத் தின்னுட்டான்" என்றார் லிகோரி. அதற்கு எல்லோரும் சிரித்தார்கள், எமல்டாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அன்றைக்கே, அந்தப் படகுக்காரனுக்கு என்று தெரிந்தே முதல் வண்டியை விட்டாள். முழு மக்ரூன்கள், எல்லாப் பெட்டியிலும், ஒரு பெட்டியில் மட்டும் ஊறுகாய். பெண்கள் தண்டவாளத்தை ஒரு கறை இல்லாமல் துடைத்தார்கள். வண்டி போனது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு திரும்பியது. பெட்டிகள் காலியாக இருந்தன. கடைசிப் பெட்டியில், வெற்றிலையில் மடித்த பாக்கு போல, ஒரு துணித் துண்டில் ஏதோ மடிந்திருந்தது. ரெக்ஸன் பிரித்தான். சிம் கார்டு.

"கப்பல் போனதப் பாத்திருப்பான்" என்றான். "நான் ஊர் போயிட்டேன்னு தெரிஞ்சு, எனக்கு வேணுமேன்னு குடுத்து விட்டிருக்கான்."

நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். ரெக்ஸன் அதைத் தன் புதுப் போனில் போட்டான், பழைய எண் உயிர்பெற்றது. மறுநாள் எமல்டா பேக்கரியிலிருந்து சுடச்சுட மக்ரூன் கொண்டுவந்தாள், வண்டியில் அடுக்கினாள், லிகோரி கிளப்பினார். முன்னால் இருந்த எஞ்சின் குகைக்குள் நுழைந்தது, பின்னால் இருந்த எஞ்சின் நுழைவதற்குள் முன்னது மறுபக்கம் தலை நீட்டியது. ஒரு முழக் குகையை ஒரு முழ நேரத்தில் கடந்து, பெட்டி பெட்டியாக மக்ரூன் அப்படியே இருக்க, மேசையைச் சுற்றி வந்து, எமல்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ரெக்ஸனுக்கு முன்னால் நின்றது.

லிகோரி ரிமோட்டைப் பார்த்தார், பிறகு ரெக்ஸனின் சட்டைப்பையைப் பார்த்தார். "நம்பர் இப்ப இங்கல்லாடே இருக்கு" என்றார்.

"அவனுக்கு வேற நம்பர் இருக்கும்லா, அதப் போடுங்கண்ணே" என்றாள் எமல்டா.

எந்த நம்பர் என்று லிகோரி கையை விரித்தார். அவள் மகனிடம் திரும்பினாள். "அவன் பேரு என்ன?"

"தெரியாதும்மா. கப்பல்ல எல்லாரும் வாளிக்காரன்னு சொல்லுவோம்."

அன்று மக்ரூனை வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். எமல்டா எடுக்கவில்லை. அதன்பிறகு அவள் லிகோரி வீட்டுப் பக்கம் வருவது குறைந்தது. வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இன்னும் அதிக எஞ்சின்களுக்குக் கரண்டு தாங்கவில்லை என்று லிகோரி இன்னொரு கரண்டுப் பெட்டி வாங்கிப் பூட்டினார், பங்குச்சாமியாருக்கு ஆயரிடமிருந்து பதில் வரவில்லை, ரொசாரியம்மாள் டீச்சருக்குப் பேத்தி பிறந்து வசம்பு போனது. ரெக்ஸன் உப்புக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கன்னத்தில் சதை வைத்து, சாயங்காலங்களில் தாயோடு உட்கார்ந்திருந்தான். எமல்டா அவனிடம் திரும்பத் திரும்ப அந்தப் படகுக்காரனைப் பற்றிக் கேட்டாள். உயரமா, குட்டையா. படகில் கூட யாராவது வருவார்களா. வாளி என்ன நிறம். ஒருநாள் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டு, "அந்தப் பக்கம் போற கப்பல் நம்ம ஹார்பர்ல வருமாலே?" என்றாள்.

"வரும். எதுக்கு?"

"நல்ல கம்பெனி கப்பலா பாத்து ஏறு."

ரெக்ஸன் அவளைப் பார்த்தான். "நீதானம்மா ஏறக் கூடாதுன்ன."

"சொன்னேன். இப்ப ஏறுங்கேன்."

சங்கத்துக்காரர்கள் விசாரித்து நல்லது என்று சொன்ன கப்பல் ஒன்று பொங்கலுக்குப் பிறகு வந்தது. எமல்டா பேக்கரியில் ஒரு நாள் முழுக்கத் தன் கையாலேயே முட்டை அடித்து, முந்திரிப் பொடி சேர்த்து, ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய மக்ரூன் அடுக்கினாள். அதை ஏற்ற லிகோரியின் எல்லா வண்டியையும் கோத்தாலும் முடியாது. ஈரம் பட்டால் பிசுபிசுத்துவிடும் என்று மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினாள். ஹார்பர் கேட்டு வரை தானே சுமந்து வந்து மகனிடம் கொடுத்தாள். அழவில்லை.

கப்பல் அந்தச் செங்கடல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட அன்று ரெக்ஸன் வீடியோவில் கூப்பிட்டான். எமல்டா போனை எடுத்துக்கொண்டு பெர்பெத்துவா வீட்டுக்கு ஓடிவந்தாள். வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தோம். கூசும் வெயில், பச்சைத் தண்ணீர், கப்பலைச் சுற்றி நிறையப் படகுகள். பழம் விற்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள், போன் சார்ஜர் விற்கிறவர்கள். ரெக்ஸன் போனை மெதுவாகத் திருப்பி ஒவ்வொரு படகாகக் காட்டினான். எமல்டா ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாள்.

"இவனாலே?"

"இல்லம்மா."

"அந்தா, ரெண்டாவதா நிக்கவன்?"

"அவனும் இல்ல. காலையில இருந்து பாக்கேன். இன்னைக்கு அவன் வரல. கப்பல் சாயங்காலம் கெளம்பிரும்." ரெக்ஸனின் குரல் இறங்கியது. டின் அவன் காலடியில் இருந்தது, மெழுகு உடையாமல். "என்னம்மா செய்ய?"

எமல்டா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். படகில் இருந்தவர்களில் சிலர் நிமிர்ந்து, யாருக்குக் காட்டுகிறான் என்று தெரியாமலே கையை ஆட்டினார்கள்.

"வந்திருக்கவங்களுக்குக் குடு" என்றாள்.